ஊதாக் கல் கரைந்த தண்ணீர்

நான் வேலை பார்ப்பது ஒரு சுரங்க நிறுவனத்தில். ஃப்ளோர்ஸ்பார் என்ற கல்லைத் தேடி எடுப்பதுதான் எங்கள் தொழில். ஊதாவிலும் பச்சையிலும் கண்ணாடி மாதிரி இருக்கும். இரும்பு உருக்க, அலுமினியம் எடுக்க, ஃப்ரிட்ஜுக்குள் ஓடும் வாயு செய்ய என்று பல வேலைக்கு அது வேண்டும். நிறுவனத்தின் திட்டப் பட்டியலில் நான்கு இடங்கள். குஜராத்தில் ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கம், ராஜஸ்தானில் அனுமதிக்குக் காத்திருக்கும் ஒன்று, ஆப்பிரிக்காவில் பங்குக்கு எடுத்த ஒன்று. நான்காவது, அலங்காநல்லூருக்கு வடக்கே கொஞ்சம் புஞ்சை நிலம். அங்கே கல் இருக்கிறதா என்று துளைபோட்டுப் பார்க்க என்னை அனுப்பினார்கள்.

அதில் என்னைவிட என்னைப் பெற்ற அத்தாவுக்குத்தான் சந்தோஷம். நகரத்தின் பழைய பகுதியில் பூட்டுக்கடை வைத்திருக்கிறவர். "பிள்ளை இனி சாயங்காலமானா வீட்டுக்கு வந்துரும்" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்.

துளையிலிருந்து பாறை நீளநீளமான தண்டுகளாக வெளியே வரும். அதைக் கழுவி, எத்தனை மீட்டர் ஆழம் என்று எழுதி, பெட்டியில் வரிசையாக அடுக்க வேண்டும். தகரக் கொட்டகையில் அந்த வேலைக்கு வந்தவர் அந்த ஊர் அக்கா ஒருவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போன குடும்பம். அவரும் அவர் வீட்டுக்காரரும் சேர்ந்து முக்கால் ஏக்கர் வாங்கியிருந்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு முதல் நிலம் அதுதான். பாறைத்தண்டில் மயிரிழை விரிசலைக்கூட என்னைவிட முதலில் கண்டுபிடித்துவிடுவார். ஊதா நிறம் தெரிந்தால், "மேடம், கத்திரிப்பூ வந்துருச்சு!" என்று கூப்பிடுவார்.

சிரிக்கும்போது மட்டும் முந்தானை வாய்க்குப் போய்விடும். ரொம்ப நாள் கழித்துத்தான் பல்லைப் பார்த்தேன். முன்பற்களில் பழுப்புத் திட்டும் கோடும். பிறகு கவனித்தால், அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அப்படித்தான்.

ஆறாவது துளை அக்காவின் நிலத்திலேயே விழுந்தது. கல் பெரிதாக இல்லை. தண்ணீர்தான் மேலே வந்தது. அவர் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். கையில் ஏந்திக் குடித்தார். ஒரு சொம்பு நிறையப் பிடித்து முதலில் எனக்குத்தான் நீட்டினார்.

"குடிங்க மேடம். எங்க நிலத்துத் தண்ணி. எம்புட்டு இனிப்பா இருக்கு பாருங்க."

குடித்தேன். குடிக்க மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் அன்றைக்கே ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரையும், இன்னொன்றில் தெரு அடிபம்புத் தண்ணீரையும் பிடித்துக்கொண்டு போய், கூடப் படித்த தோழி வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். நான் பயந்தது சரியாகத்தான் இருந்தது. இரண்டிலும் ஃப்ளோரைடு, குடிக்கக்கூடாத அளவுக்கு.

பத்து நாள் சொல்லாமல் இருந்தேன். அந்தப் பத்து நாளும் அவர் எனக்கு அந்தத் தண்ணீரில்தான் டீ போட்டுக் கொடுத்தார். பதினோராவது நாள் டம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு ஊதாத் துண்டை எடுத்தேன்.

"அக்கா, இதுல இருக்கிறதுதான் தண்ணியில கொஞ்சங் கொஞ்சமா கரையுது. சின்னப்பிள்ளையில, பல்லு ஈறுக்குள்ள வளர்ற வயசுல இந்தத் தண்ணியக் குடிச்சா, பல்லு இப்படித்தான் வரும்."

"காய்ச்சிக் குடிச்சா?"

"காய்ச்சினாலும் போகாதுக்கா."

கல்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நிலத்துத் தண்ணீர் போயிற்றே என்று அழப்போகிறார் என நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப இது அழுக்கு இல்லையா?"

"இல்லக்கா."

"பொண்ணு பாக்க வந்தவுக, இவ பொகையில போடுறவன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போனாக. ரெண்டு எடம் அப்படிப் போச்சு. அதுக்கப்புறம் செங்கப்பொடிய வச்சுத் தேச்சேன். ஈறு கிழிஞ்சு ரத்தம் வரும். எங்கம்மா வேற, ஒழுங்கா வெளக்குனா ஏன் இப்படி இருக்குன்னு அடிக்கும்."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்து அழுதார். நானும் அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "என் மகளுக்கு நாலு வயசுதான் ஆகுது தங்கச்சி" என்றார். அன்றிலிருந்து நான் மேடம் இல்லை.

மறுநாளிலிருந்து மகளுக்கு மட்டும் பக்கத்து ஊர் ஆற்றுத்தண்ணீர்க் குழாயிலிருந்து குடம் வந்தது. வீட்டுக்காரர் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார். துளைத் தண்ணீரை மல்லிகைக்கு விட்டார்கள். ஆய்வுக்கூடத் தாளை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அக்கா அதைப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியையிடம் கொண்டுபோனார், பிறகு கிராமசபையில் எழுந்து நின்று படித்தார். சிலர் சிரித்தார்கள். சிலர், "கம்பெனிக்காரி கிளப்பிவிடுறா" என்றார்கள். அடுத்த கூட்டத்தில் தெருப் பெண்கள் பத்துப் பேரோடு போனார். அதற்கடுத்த கோடைக்குள் ஆற்றுத்தண்ணீர்க் குழாய் அந்தத் தெருவுக்கும் வந்துவிட்டது.

அதற்கு முன்பே எங்கள் வேலை முடிந்திருந்தது. கல்லின் அடுக்கு மெலிசு, எடுக்கக் கட்டுப்படியாகாது என்று அறிக்கை எழுதியவள் நான்தான். அந்த ஒரு பக்கத்தால் அக்காவின் வேலையும் போனது. இதையும் நேரில் போய்ச் சொன்னேன். "இல்லாததை இருக்குன்னு எழுத முடியுமா?" என்றார். பிறகு, "வேற எங்கெங்க தோண்டுறாக?" என்று கேட்டார். குஜராத், ராஜஸ்தான், ஆப்பிரிக்கா என்று சொன்னேன்.

"அங்க உள்ள பொம்பளைகளுக்கு இதை யாரு சொல்லுவா?"

பஸ்ஸில் கே.கே. நகர் வீட்டுக்கு வந்து சேரும்வரை அந்தக் கேள்வியே மண்டைக்குள் ஓடியது.

அந்த வருடத் திட்டப் பட்டியலில் ஒவ்வொரு இடத்துக்கும் கீழே, சுற்றுவட்டாரக் குடிநீரைச் சோதித்து மக்களிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தேன். மேலதிகாரி போன் செய்து, "இது நம்ம வேலையா?" என்று கேட்டார். தோண்டுவதற்கு முன்பே அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் நாம் மட்டும்தானே சார் என்றேன். பக்கத்தை வெட்டி இரண்டு வரி ஆக்கினார். அந்த இரண்டு வரி இன்னும் பட்டியலில் இருக்கிறது. குஜராத்துக்குப் போகும்போது இப்போதெல்லாம் என் பையில் காலி பாட்டில்கள் இருக்கும். சுரங்கத்துக்குள் இறங்குவதற்கு முன், கொட்டகையில் வேலை பார்க்கும் பெண்களிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், வீட்டுக்குத் தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்கிறேன்.