பை மட்டும் வியாழக்கிழமையே கிளம்பிவிட்டது

நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கதவில் தொங்கிய பூட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தெருவில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, என்னை ஒரு முறையும் பூட்டை ஒரு முறையும் பார்த்துவிட்டுப் போனார்.

பூட்டுக்கு அந்தப் பக்கம் எங்கள் பை. பைக்குள் அம்மாவின் மாத்திரைகள். அவற்றை அம்மா இரண்டு வேளையாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்திருந்தது.

விஷயம் இதுதான். நானும் அம்மாவும் சென்னையைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். இன்று சனி இரவு திண்டுக்கல்லில் ரயில் ஏறினால் ஞாயிறு விடியும்போது சென்னை. பகல் முழுக்கச் சுற்றிவிட்டு அன்று இரவே திரும்புகிற ரயில். திங்கள்கிழமை நான் வேலையில் இருக்க வேண்டும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். தினமும் எத்தனை பேர் போய் வருகிறார்கள்? உண்மைதான். ஆனால் அம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. சென்னைக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. சாணார்பட்டியில் பெரியம்மா வீடு, எப்போதாவது மதுரை — அவருடைய உலகம் அவ்வளவுதான்.

காரணம், வலிப்பு.

நான் எட்டாவது படிக்கும்போது பழனி பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். பேசிக்கொண்டே இருந்த அம்மா பாதி வார்த்தையில் நின்றார். அடுத்த நொடி தரையில் கிடந்தார். கூட்டம் கூடிவிட்டது. யாரோ அம்மாவின் கையில் ஒரு சாவிக்கொத்தைத் திணித்தார்கள். பூக்கட்டும் அக்கா ஒருவர் ஓடிவந்து சேலையைச் சரிசெய்துவிட்டார். நான் என்ன செய்தேன்? அம்மாவின் செருப்பு இரண்டையும் எடுத்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

கண் விழித்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எம்புட்டுப் பேரு பாத்தாக?"

அதன் பிறகு அம்மா கூட்டமான இடங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். நானோ எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதலில் தரையைப் பார்க்கிறேன் — ஒருவர் விழுந்தால் தலை எதில் இடிக்கும் என்று.

இப்போது மூன்று வருடமாக வலிப்பு இல்லை. மாத்திரை காலை ஒன்று, இரவு ஒன்று. தாராளமாகப் போய் வரலாம் என்று டாக்டரே சொன்னார். இரண்டே நிபந்தனைகள்: மாத்திரை தவறக் கூடாது. தூக்கம் கெடக் கூடாது.

நான் நூற்பாலை ஒன்றில் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். ஒரு பேனலைத் திறப்பதற்கு முன் என்னென்ன தவறலாம் என்று எழுதிப் பார்ப்பது எங்கள் பழக்கம். எது தவறும், தவறினால் எவ்வளவு மோசம், முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது என்று மூன்று பத்திகள். அதே அட்டவணையைச் சென்னைக்கும் போட்டேன். போன மாதம் ஆரம்பித்தது... இந்த வாரம் அறுபத்திரண்டு வரிகளில் வந்து நின்றது.

மெட்ரோ பிளாட்பாரத்தின் ஓரம். எஸ்கலேட்டர் — அம்மா முன்னால் ஏறுவதா, நானா? வெயில். கூட்டத்தில் கை விட்டுப்போவது. கடற்கரை. கடலுக்கு மட்டும் ஏழு வரிகள். அம்மா கால் நனைக்கும்போது வந்துவிட்டால்? அலை இழுக்கும்போது வந்துவிட்டால்? இதையெல்லாம் எழுதும்போது என் கையெழுத்து மிக அழகாக இருந்தது. பயம் அதிகமாக அதிகமாக நான் நிதானமாகிக்கொண்டே போவேன். பார்க்கிறவர்கள் தைரியம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அம்மாவும் ஒரு பட்டியல் வைத்திருந்தார். எழுதவில்லை, வாயால் சொன்னதுதான். கடல். மியூசியத்தில் திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறதாமே, அது. அப்புறம் விமானம் தலைக்கு மேல் இறங்குவதைக் கீழே நின்று பார்க்க வேண்டும். எல்லாம் போனில் பார்த்தது. மூன்றே மூன்று. "மூணும் முடியலேன்னா கடல் மட்டும் போதும்த்தா" என்றார்.

புதன்கிழமை பையை அடுக்கினேன். இங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். மாத்திரை இரண்டு இடத்தில் இருந்தால் குழப்பம் வரும், ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று மொத்த அட்டைகளையும் பைக்குள் வைத்தேன். சனிக்கிழமை வரை அம்மா அதிலிருந்தே எடுத்துக்கொள்ளட்டும் என்று கணக்கு. அட்டவணையில் டிக் போட்டேன். மில்லில் ஒரு சின்ன மோட்டாருக்குக்கூட மாற்று வைத்திருக்கும் நான், அம்மாவின் மாத்திரைக்கு வைக்கவில்லை.

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போன பிறகு அம்மா காலண்டரைப் பார்த்திருக்கிறார். சனிக்கிழமை கிழக்கே சூலம். சென்னை கிழக்கா வடக்கா என்று ரொம்ப நேரம் யோசித்து, எதற்கு வம்பு என்று பரஸ்தானம் வைத்துவிட்டார்.

தெரியாதவர்களுக்காக: கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பையை மட்டும் வீட்டிலிருந்து வெளியேற்றி வேறொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு நாம் எந்த நாளில் கிளம்பினாலும் தோஷம் இல்லை. ஒரே ஒரு விதி உண்டு. வைத்த பை வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது. வந்தால் பயணம் ரத்து.

எங்கள் வீடு பேகம்பூரில். பக்கத்து வீடு ஷகிலா அக்காவுடையது. இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அம்மாவின் பரஸ்தானம் எல்லாம் அவர் வீட்டு அலமாரியில்தான். என்ன ஏது என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. பையை வாங்கி வைத்துக்கொண்டு டீ கொடுப்பார்.

அன்று மதியமே ஷகிலா அக்காவின் தங்கைக்குப் பிரசவ வலி என்று திருச்சியிலிருந்து போன் வந்திருக்கிறது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டார். மாத்திரை நினைவு அம்மாவுக்கு வந்தது அன்றிரவுதான்.

என்னிடம் சொல்லவில்லை. நேற்றுக் காலையும் சொல்லவில்லை. நான் டிபன் பாக்ஸை எடுக்கும்போது, மாத்திரை போட்டாயா என்று வழக்கம்போலக் கேட்டேன். அம்மாவும் வழக்கம்போலத் தலையாட்டினார்.

சாயங்காலம் வந்து, பையை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும், எங்கே என்று கேட்டபோதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பை இங்கே இல்லை. அக்கா வீட்டில் இருக்கிறது. அக்கா ஊரில் இல்லை. அப்படியென்றால் வியாழன் இரவு எந்த மாத்திரையைப் போட்டாய் என்று கேட்டேன். அம்மா இட்லி மாவைக் கரண்டியால் கலக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே கலக்கிய மாவு.

நான் அம்மாவின் கையைப் பார்த்தேன். பிறகு கண்ணை. பிறகு, பழக்கதோஷம் — தரையை. அடுப்பு மேடையின் விளிம்பு. அரிவாள்மணை.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா டிக்கெட்டக் கேன்சல் பண்ணிருவ."

"ஆமா. பண்ணியிருப்பேன்."

"அதான் சொல்லல." கரண்டியைக் கீழே வைத்தார். "வலிப்புக்குப் பயந்து இருவது வருசம் வீட்டுலயே ஒக்காந்திருந்தேன். இப்ப ஒனக்குப் பயந்து ஒக்காரணுமாக்கும்."

கோபமே இல்லாமல் சொன்னார். அதனால்தான் வலித்தது. அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்து, பக்கத்து வீட்டுப் பூட்டுக்கு முன்னால் நின்றேன்.

ஷகிலா அக்காவுக்குப் போன் போட்டேன். தங்கைக்குப் பெண் குழந்தை என்றார். விஷயத்தைச் சொன்னதும் பதறிவிட்டார். சாவி அவர் கையில். உடனே கிளம்பினாலும் வந்துசேர நேரமாகும்; எப்படியும் சனி சாயங்காலத்துக்குள் வந்துவிடுவாராம். ஒரு நொடிகூட யோசிக்காமல், "பூட்ட ஒடச்சிரும்மா. அம்மா உசுர விட இந்தப் பூட்டு பெருசா?" என்றார்.

உடைத்திருப்பேன். அதற்குள் அம்மா வாசலுக்கு வந்துவிட்டார். அடுத்தவர் வீட்டுப் பூட்டை உடைப்பது ஒரு தப்பு, பரஸ்தானப் பையைத் திரும்ப எடுப்பது இன்னொரு தப்பு, ஒரே நாளில் இரண்டையும் செய்ய வேண்டாம் என்று பொறுமையாக விளக்கினார். மாத்திரை இல்லாமல் நிற்கிற மனுஷி சொல்கிற பேச்சா இது?

மருந்துச் சீட்டின் போட்டோ என் போனில் இருந்தது. பஜாரில் எங்களுக்குத் தெரிந்த மருந்துக் கடை. போய் வாங்கி வந்தேன். டாக்டரைப் போனில் பிடித்தேன். அவர் எங்கள் இரண்டு பேரையுமே திட்டினார். உடனே ஒரு வேளை மாத்திரை போடச் சொன்னார். இன்று காலை வரை எந்தத் தொந்தரவும் இல்லாமல், நன்றாகத் தூங்கியும் எழுந்தால் போகலாம்; இல்லையென்றால் கடல் எங்கேயும் போய்விடாது என்றார். அம்மா ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

எங்கள் மில்லில் ஒரு ஸ்பின்னிங் மெஷினை ஓட்டுகிற அக்கா இருக்கிறார். மோட்டார் சத்தம் மாறி மூன்று நாள் ஆகியும் அவர் என்னிடம் சொல்லவில்லை. கடைசியில் அது எரிந்தே போனது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா நீங்க மிசின நிப்பாட்டிருவீக" என்றார். அன்றைக்கு அவரை நான் ரொம்ப நேரம் திட்டினேன். பாதுகாப்பு பற்றி ஒரு வகுப்பே எடுத்தேன். அவரும் தலையாட்டினார். அம்மா ஆட்டிய அதே மாதிரி.

பயப்படுகிறவர்களிடம் யாரும் உண்மையைச் சொல்வதில்லை. இது என் அறுபத்திரண்டு வரிகளில் எதிலும் இல்லை. நாம் ஒருவருக்காக அதிகமாகப் பயந்தால், அவர் தன் ஆபத்தை நம்மிடமிருந்து மறைக்க ஆரம்பிக்கிறார். கூடவே இருந்து காக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்... அவரோ நமக்குத் தெரியாமல் தனியாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறார். வியாழன் இரவு அம்மா எதை நினைத்துப் படுத்திருப்பார்? அப்போதும் நான் பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.

இன்று காலை அம்மா எழுந்ததும் முகத்தைப் பார்த்தேன். தெளிவாக இருந்தது. காலை மாத்திரையை என் முன்னாலேயே போட்டு, நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டினார். கிண்டல்தான்.

நல்லாத் தூங்கினியா என்று கேட்டேன்.

"கட்டை மாதிரித் தூங்குனேன்" என்றார் அம்மா. "நீதான் மூணு தடவை எந்திரிச்சு மூக்குக்கிட்ட வெரல வச்சு வச்சுப் பாத்த."

கட்டை மாதிரித் தூங்கியவருக்கு அது எப்படித் தெரியும்?

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். டாக்டர் வைத்த தூக்க நிபந்தனையைக் கெடுத்தது யார் என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது. டிக்கெட்டைப் பற்றி நான் பேசவில்லை. டாக்டருக்குத்தான் போன் போட்டேன். மதியம் சோறு சாப்பிட்டு நாலு மணி நேரம் ஒரே தூக்கம் போடட்டும், ஆறு மணிக்கு எப்படி இருக்கிறார் என்று சொல்லுங்கள், பார்க்கலாம் என்றார். "அந்தப் பொண்ண மட்டும் பக்கத்துல விடாதீங்க" என்று அம்மாவிடம் தனியாகச் சொன்னாராம்.

இப்போது மணி மூன்று. அறைக்குள் அம்மா தூங்குகிறார். தூங்குகிறார் என்றுதான் நினைக்கிறேன். கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

பத்திரிகைக்கான இந்தப் பத்தியை நான் திங்கள்கிழமைதான் கொடுக்க வேண்டும். எட்டிப் பார்க்காமல் இருப்பதற்காக இப்போதே எழுதிக்கொண்டிருக்கிறேன்.