ஒரே மாதிரி இரண்டு லீவர்கள்

தங்கச் சுரங்க ஊரில் ஸ்கெலட்டன் என்ற பகுதியில் குடியிருக்கும் ஐடா தினமும் பங்காருபேட்டை வழியாக ரயிலில் பெங்களூரு போய் வருகிறவள். மனிதரின் கைக்கும் கண்ணுக்கும் தோதாக இயந்திரங்களை வடிவமைக்கும் கம்பெனியொன்றில் அவளுக்கு எழுத்தர் வேலை.

ஒருநாள் அந்தத் துறை பிறந்த கதையை ஊழியர்களுக்குச் சொன்னார்கள். உலகப் போரின்போது, பத்திரமாகத் தரையிறங்கிய அமெரிக்க விமானங்கள் திடீரென்று வயிறு தேய விழுந்தனவாம். இறக்கை மடலை மடக்கப்போன விமானி சக்கரத்தை மடக்கிவிடுவான். கவனக்குறைவு என்றார்கள். உளவியல் ஆய்வாளர் ஒருவர் மட்டும் விமானியின் இருக்கையருகே போய்ப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இரண்டு விசைகள்! தொட்டதுமே கைக்குத் தெரியும்படி, சக்கர விசையின் முனையில் சின்னச் சக்கரமும் மடல் விசையில் ஆப்பு வடிவக் கட்டையும் பொருத்தினார். தவறு நின்றது.

ஐடாவுக்கு அதற்குமேல் காதில் எதுவும் விழவில்லை.

சுரங்கம் மூடியபின் அவள் அப்பா வால்டர் ஒரு கல் குவாரியில் கிரேன் ஓட்டினார். திருப்ப ஒரு லீவர், இறக்க ஒரு லீவர். ஒரு மத்தியானம் கை மாறிப்போனது. கல் இறங்கி, சிநேகிதர் எல்வினின் காலை நசுக்கியது. வேலை போயிற்று. எல்வினின் முகத்தில் விழிக்கக் கூசி, வேறு சர்ச்சுக்குப் போக ஆரம்பித்தார். “பாவி, என் கைதான்” என்று சொல்லிச் சொல்லியே பதினோரு வருஷம் இருந்துவிட்டுச் செத்துப்போனார்.

இதை அப்பாவிடம் சொல்லவேண்டும் என்றிருந்தது. சொல்ல அவர் எங்கே? அன்று சாயங்காலம் ரயிலைவிட்டு இறங்கியவள் நேரே எல்வின் வீட்டுக்குப் போனாள்.

“அங்கிள், அப்பா மேல தப்பில்ல. ரெண்டு லீவரும் ஒரே மாதிரி இருந்திச்சி. அப்படி வெச்சவங்க தப்பு.”

“இன்னாம்மா, அது எனக்குத் தெரியாதா? நானும் அந்த கிரேன ஓட்டினவன்தான். ஒரு தபா நானே மாத்தி இழுத்துட்டேன். கீழ ஆள் இல்ல, அவ்ளோதான்.”

“அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமே, அங்கிள்?”

“வருவான் வருவான்னு இருந்தேன். இந்தக் கால வெச்சினு உங்க வீட்டு மேட்ட ஏற முடியல. ஆள் அனுப்பினா வீட்ல இல்லன்னுட்டான்.” ஓரத்திலிருந்த தடியை எடுத்தார். “அவன்கிட்ட என்னக் கூட்டினு போறியா?”

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். ஐடாவை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, எல்வின் தடியூன்றிப் போய் வால்டரின் கல்லறை ஓரமாக உட்கார்ந்தார். என்ன பேசினாரோ, அவளுக்குக் கேட்கவில்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஆட்டோக்காரர் இரண்டு தரம் ஹாரன் அடித்தார். இருங்கள் என்று ஐடா கை காட்டினாள்.