புஷ்பமேரி டீச்சரின் ஆப்பிரிக்கா

தர்மபுரிப் பக்கம் இண்டூரை ஒட்டிய எங்கள் தெருவில் வாய்க்குப் பேர்போனவர் புஷ்பமேரி டீச்சர். அவர் வாயைத் திறந்தால் தெருக்கோடியில் பஸ்சுக்குக் காத்திருப்பவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்வார்கள். கடலைக்காடும் ராகிக் கொல்லையும் வைத்திருந்த சின்னப்பனின் மகள். சேலத்தில் பூகோளம் படித்து, டீச்சர் டிரெயினிங்கும் முடித்து, உள்ளூரில் குறைந்த சம்பளத்துக்குக் குப்பை கொட்டிக்கொண்டிருந்தவர். 1983-ல் ஜாம்பியா நாட்டுக்கு ஆசிரியர்கள் தேவை என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. எழுதிப் போட்டார், இன்டர்வியூவுக்குப் போனார், விமானம் ஏறிவிட்டார்.

ஆப்பிரிக்காவுக்குப் போய் ஆப்பிரிக்காக்காரர்களுக்கே ஆப்பிரிக்கா பாடம் நடத்துகிறாராம், கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை என்று ஊரே சிரித்தது. லீவில் வந்தபோது அதற்கும் பதில் வைத்திருந்தார். "ஊசி நல்லா இருந்தா கொல்லனும் வாங்குவான்!"

போகும்போது நாலு வயதுப் பெண் ரோசியைக் கணவர் இன்னாசிராஜிடம் விட்டுவிட்டுப் போனார். இன்னாசிராஜ் பம்புசெட் மெக்கானிக். மோட்டார் பேசினால் அவருக்குப் புரியும், மனிதர்கள் பேசினால் தலையாட்டுவார். அதனால் பிள்ளையை உண்மையில் வளர்த்தது அவருடைய அக்கா மதலேனம்மாள். கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, பிள்ளையும் இல்லாமல் தம்பி வீட்டுக்கே திரும்பி வந்தவர். காட்டு வேலை, மாட்டு வேலை, சமையல் எல்லாம் அவர் கையில்தான். அவர் சொல்லாமல் அந்த வீட்டில் அடுப்பு எரியாது.

1986 டிசம்பரில் கிறிஸ்துமசுக்கு வந்த டீச்சர் ஒரு முடிவோடு வந்தார். வேலை இன்னும் மூன்று வருஷத்துக்கு நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள், குடியிருக்க வீடும் உண்டு. இந்த முறை கணவரையும் மகளையும் கூட்டிக்கொண்டுதான் போவது. இன்னாசிராஜ் வழக்கம்போல் தலையாட்டினார். ஆட்டிவிட்டு ஒரே ஒரு வாக்கியம் பேசினார்.

"புள்ளைய வளத்தது அக்கா. அது சரின்னா சரி."

அக்கா சரி என்று சொல்லவில்லை. "அந்தச் சீமைக்கெல்லாம் புள்ளைய அனுப்ப முடியாது" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

டீச்சர் தோற்றுப் பழக்கமில்லாதவர். மறுநாளே சுவரில் ஆப்பிரிக்கா மேப்பை மாட்டி, நாத்தனாரை எதிரில் உட்காரவைத்துப் பாடத்தை ஆரம்பித்தார்.

"இதுக்குள்ள நம்ம இந்தியா மாதிரி ஒம்பது போட்டாலும் எடம் மீதி இருக்குங்க அண்ணி."

"அத்தாம் பெரிய எடத்துல புள்ள தொலைஞ்சா எங்கன்னு போயித் தேடுவ?"

"தொலையறதுக்கு என்னங்க இருக்குது? இங்க பாருங்க, இது சகாரா. கண்ணுக்கு எட்டுன மட்டும் மணலு. அங்க ஆம்பளைங்கதான் மூஞ்சிய மூடிக்குவாங்க."

"குடிக்கத் தண்ணி?"

"அது வடக்கங்க அண்ணி. நான் வேலை பாக்கற காசாமா ஊரு இந்தா, இங்க கீழ இருக்குது. அங்கயிருந்து சகாராவுக்குப் போவணும்னா இங்கயிருந்து டெல்லியத் தாண்டிப் போற மாதிரி."

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாடம் என்று வந்துவிட்டால் டீச்சருக்குக் கை நிற்காது. நைல் நதியின் நீளம், பூமத்திய ரேகைக்குப் பக்கத்திலேயே பனி மூடிய மலை, காங்கோ காடு, பாறையைக் குடைந்து கோயில் கட்டிய எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள் என்று கண்டம் முழுக்கச் சுற்றினார். மாசாய் இனத்தார் மாட்டின் ரத்தத்தைப் பாலில் கலந்து குடிப்பதையும் உற்சாகமாகச் சொல்லி முடித்தார். மதலேனம்மாள் கொட்டகையில் நின்ற தன் மாட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"சிங்கம் இருக்குதா இல்லியா?"

"இருக்குதுங்க. ஆனா அது பாட்டுக்குக் காட்டுல இருக்குது."

"பென்னாகரத்து யானையும்தான் காட்டுல இருக்குது. ராகி முத்துனா கொல்லைக்கு வரலியா? புள்ள இங்கயே இருக்கட்டும். நீ போயி சம்பாரிச்சிட்டு வா."

கண்டத்தைப் பெரிதாக்கப் பெரிதாக்கப் பயமும் பெரிதாகிவிட்டது. அன்று இரவும் ரோசி அத்தையைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள். பெற்றவளுக்கு அது வலித்தது. சொல்லிக் கொள்ளாவிட்டாலும் மறுநாள் முகத்தில் தெரிந்தது.

ஆனால் இடிந்து உட்காருகிற ஜாதி இல்லை அவர். நாத்தனாரை ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிப்போக முடியாது, ஆப்பிரிக்காவை இங்கே கூட்டி வரலாம் அல்லவா? காசாமாவில் தன்னோடு வேலை பார்க்கும் ஜாம்பியாக்கார டீச்சர் ஒருத்தியின் தங்கை அகத்தா, பெங்களூரில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவளை ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்தார்.

அகத்தா டவுன் பஸ்சை விட்டு இறங்கியதும் தெருவே பின்னால் வந்தது. வாசலில் நின்ற மதலேனம்மாளைப் பார்த்ததும் அந்தப் பெண் சட்டென்று மண்ணில் மண்டியிட்டு, கண்ணைத் தாழ்த்தி, கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டினாள். மதலேனம்மாள் பதறிப் பின்வாங்கினார்.

"ஐயோ, எந்திரிம்மா! சாமிக்கில்ல மண்டி போடுவாங்க!"

"அவங்க ஊருல பெரியவங்களக் கண்டா இப்படித்தாங்க அண்ணி."

"அப்படியா? மூணு வருசமா அங்க இருக்கிறியே, உனக்கு யாரும் இதச் சொல்லிக் குடுக்கலியா?"

தெரு குலுங்கிச் சிரித்தது. டீச்சருக்கு வாயடைத்துப் போனதை நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விருந்துக்கு நெல்லுச்சோறும் கோழிக்குழம்பும். அகத்தாவின் கண், மூலையிலிருந்த களிச்சட்டி மேல் போனது. விருந்தாளிக்குக் களியா என்று மதலேனம்மாள் கூச, அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். எங்கள் மேட்டுப் பூமியிலும் இதே ராகிதான், இதே மாதிரிதான் கிண்டுவோம் என்றாள். உருட்டி, கட்டைவிரலால் குழித்து, குழம்பை அதில் அள்ளிக்கொண்டாள். "எல்லாஞ் சரி, மென்னு திங்குதே" என்று மதலேனம்மாள் குறை சொன்னார். களியை விழுங்கத்தான் வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம்.

கை கழுவிய பிறகு அவர் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தார். "உன்னை வளத்தது யாரும்மா?" டீச்சர் இங்கிலீஷில் கேட்டுத் தமிழில் சொன்னார்.

"அவங்கப்பாவோட அக்காவாம். பேரு சொல்ல மாட்டாங்களாம், மாயோசெங்கேன்னுதான் கூப்பிடுவாங்களாம், நம்ம அத்தைங்கற மாதிரி. இவங்க பெரிய மனுசி ஆனப்ப முன்னால உக்காந்து எல்லாச் சடங்கும் செஞ்சது அந்த அத்தைதானாம்."

"அவங்களுக்குப் புருசன் இருக்காரா?"

"செத்து ரொம்ப வருசம் ஆச்சாம்."

மதலேனம்மாளின் குரல் இறங்கியது. "அறுத்தவளையா முன்னால உக்கார வச்சாங்க? நல்லாக் கேளு."

டீச்சர் கேட்டார். அகத்தாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. இரண்டு முறை விளக்கிய பிறகு, "புருசன் செத்ததுக்கும் இதுக்கும் என்ன? அவங்க எங்க அத்தை இல்லையா?" என்று திருப்பிக் கேட்டாள்.

மதலேனம்மாள் வாசலில் நின்ற எங்களைப் பார்த்தார்.

"போன மாசம் இந்தத் தெருவுல ஒரு சடங்கு. பலகாரம் அத்தனையும் நாந்தான் சுட்டேன். தண்ணி ஊத்தற நேரத்துக்கு, நீ அடுப்பாண்டையே இருன்னுட்டாங்க" என்றார். பிறகு டீச்சரிடம் திரும்பினார். "சிங்கத்துக்குப் பயந்து நான் வேண்டாங்கல புஷ்பம். என்னைய ஒதுக்காம மடியில வந்து உக்கார்றது இந்தப் புள்ள ஒண்ணுதான். அதுவும் போயிட்டா நான் யாருக்கு என்ன?" சொல்லும்போதே அழுதுவிட்டார்.

டீச்சர் எழுந்தார். வகுப்பறைக் குரலை எடுத்து, வாசலைப் பார்த்தே பேசினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எம்பொண்ணு சடங்கு இந்த வூட்டுலதான் நடக்கும். எந்தக் கண்டத்துல இருந்தாலும் கூட்டிக்கிட்டு வருவேன். மொதத் தண்ணி எங்கண்ணிதான் ஊத்துவாங்க. புடிக்காதவங்க சாப்பிட வர வேண்டாம்."

இன்னாசிராஜ் மட்டும் தலையாட்டினார், வழக்கத்தைவிட வேகமாக. மதலேனம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப கூட்டிக்கிட்டுப் போ" என்றார்.

என்ன முடிவானது என்று அகத்தா கேட்டாள். டீச்சர் விளக்கினார். அந்தப் பெண் ஆச்சரியத்தோடு ஏதோ சொல்ல, மதலேனம்மாள் விடவில்லை. "என்ன சொல்லுது அது?"

"இதையெல்லாமா கேட்டு வாங்கணும்னு கேக்கறாங்க அண்ணி."

"கேக்காம இருந்தேனே இத்தன வருசம், எவ கொண்டாந்து குடுத்தான்னு கேளு அந்தப் புள்ளைய."

டீச்சர் அதை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் விட்டுவிட்டு, அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.