வளைவின் உட்பக்கம்

மணலில் கார் ஓட்டுவதில் என்ன சுகம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ரோட்டு என்று ஒன்றை அரசாங்கம் போட்டு வைத்திருக்கிறது. அதில் ஓடினால் ஆகாதா? என் மகனுக்கு ரோட்டில் ஓடினால் ஓடின மாதிரியே இல்லையாம். அவன் மனுகாவில் ஒரு கராஜில் மெக்கானிக். வேலை முடிந்த பிறகு அவனும் ஒரு கூட்டாளியும் இரும்புக் குழாய்களை ஒட்டி, கதவும் இல்லாத கண்ணாடியும் இல்லாத ஒரு வண்டியைக் கட்டினார்கள். பகி என்கிறான். பார்த்தால் கோழிக்கூட்டுக்கு நாலு சக்கரம் வைத்தது போல இருக்கும். அந்தக் கோழிக்கூட்டில் ஏறி வருடத்துக்கு ஒருமுறை ஓக்லாந்தின் மேற்குக் கரையில், பைன் காட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிற கறுப்பு மணல்மேடுகளில் பந்தயம் ஓடுகிறான். அதைப் பாலைவனப் பந்தயம் என்று சொல்லிக்கொள்கிறார்கள். கூப்பிடு தூரத்தில் கடல் இரைகிறது, இது பாலைவனமாம்!

அவனுடைய தகப்பன் போன பிறகு பாட்டனி டவுன்ஸ் வீட்டில் நானும் ஃபிரிட்ஜும்தான் சத்தம் போடுகிறோம். மகன் தன் கூட்டாளிகளோடு இருக்கிறான். போன் எடுப்பான், எடுக்கவில்லை என்று பொய் சொல்லக்கூடாது. இரண்டு கேள்வி, இரண்டு பதில், பிறகு யாரோ அவனைக் கூப்பிடுகிற சத்தம். அப்படி ஒருநாள் பந்தயத்தைப் பற்றிச் சொன்னான். மற்றவர்களுக்கெல்லாம் தாய் தகப்பன், மாமன் மச்சான் என்று கூடாரம் அடித்து இருந்து பார்ப்பார்களாம். "அப்ப நானும் வரட்டே, தம்பி?" என்று கேட்டேன். அவன் இங்கே பிறந்த பிள்ளை, நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். வேண்டாம் அம்மா என்றான். தூசி, கழிப்பறை சரியில்லை, அதோடு நீங்கள் நிற்கிறீர்கள் என்று தெரிந்தால் என் கவனம் முழுக்க உங்களிடம்தான் இருக்கும் என்றான்.

சரி, அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பார்க்க ஆள் இருக்க, என் பிள்ளை மட்டும் அநாதை மாதிரி ஓடுவதா? சொல்லாமல் போவது, ஒளிந்திருந்து பார்ப்பது, கடைசிச் சுற்றில் மட்டும் எழுந்து நின்று கையைக் காட்டுவது என்று முடிவு செய்தேன். முடிகிற நேரத்தில் ஒரு வினாடி என்னைக் கண்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தனக்கும் ஒரு ஆள் வந்து நிற்கிறது என்று அவனுக்குத் தெரிந்தால் போதும்.

முதல் வருடம் நான் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நாங்கள் மன்னார் ஆட்கள். மடுத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு காட்டில் கூடாரம் அடித்து வளர்ந்தவர்கள். முன்கூட்டியே போய், நிழலாகப் பார்த்து, தரை சமனாகப் பார்த்து, மாதாவின் சுரூபம் வருகிற பாதைக்கு ஒட்டினாற்போல் இடம் பிடிப்போம். என் மனுசன் இதில் விண்ணன். அந்தத் தைரியத்தில், எனக்கா இடம் பிடிக்கத் தெரியாது என்று வெள்ளிக்கிழமையே போய், நேரான பாதை ஓரமாக, பைன் மரநிழலில், கட்டியிருந்த நாடாவுக்குப் பக்கத்திலேயே கூடாரத்தை அடித்தேன். அவ்வளவு நல்ல இடத்தில் வேறு ஒருவரும் இல்லை. இந்தச் சனத்துக்குப் புத்தி இல்லை என்று நினைத்தேன்.

மாதா ஆடி அசைந்து வருவா. பகி அப்படி வராது என்பது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. நேரான பாதையில்தான் அவர்கள் உயிரைக் கொடுத்து ஓட்டுகிறார்கள். ஒரு உறுமல், ஒரு கறுப்பு மேகம், அவ்வளவுதான். காற்று கடலில் இருந்து அடிக்கிறது, நான் இருந்ததோ காட்டுப் பக்கம். அவர்கள் கிளப்பின தூசி முழுக்க என் தலையில். எத்தனையாவது மேகத்துக்குள் என் பிள்ளை இருந்தான் என்று அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம். கொண்டுபோன புட்டைத் திறந்தால் மிளகுத்தூள் தூவினது போல மணல். கடைசிச் சுற்றில் எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, தூசிக்குக் கை காட்டிவிட்டு வந்தேன்.

நான் வேலை செய்கிற துணிக்கடையில் கூட நிற்கிற மலேசியத் தமிழ்ப் பெண்ணிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அக்கா, தனியாவா போனீங்க? சொல்லிருந்தா நானும் வந்திருப்பேன் லா!"

அடுத்த வருடம் சொன்னேன். அன்றைக்கு அவளுக்கு வேறு அலுவல் இருந்தது. அவளைக் குறை சொல்லவில்லை, குடும்பம் உள்ளவள்.

இரண்டாம் வருடம் கெட்டித்தனமாகச் செய்கிறேன் என்று, வண்டிகள் மெதுவாகப் போகிற இடத்தைத் தேடினேன். தண்ணீர் தேங்கிய பள்ளம் ஒன்று இருந்தது, அங்கே எல்லோரும் பிரேக் பிடித்தாக வேண்டும். அது ஊருக்கே தெரிந்த இடம். மடக்குக் கதிரைகளும் ஐஸ் பெட்டிகளும் குழந்தைகளுமாக எள் போட்டால் விழாத கூட்டம். பக்கத்தில் இருந்த மனிதன் யாரோடு வந்தாய் என்று அன்பாகத்தான் கேட்டான். என் மகன் ஓடுகிறான் என்று வண்டி இலக்கத்தைச் சொன்னேன். அவன் அதைத் தன் ஆட்களுக்கெல்லாம் சொல்லிவிட்டான். கடைசிச் சுற்றில் அந்த இலக்கம் வந்ததும் அத்தனை பேரும் என் மகனுக்காக எழும்பிக் கைதட்டிக் கத்தினார்கள். ஒவ்வொருவரும் பனை உயரம். நான் கண்டது முதுகுகளைத்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நானும் கைதட்டினேன்.

பட்டால்தான் புத்தி வரும். மூன்றாம் வருடம் வெள்ளிக்கிழமை கூடாரத்தைக் காரிலிருந்து உடனே இறக்கவில்லை. முதலில் பாதை முழுக்க நடந்து பார்த்தேன். காற்று எந்தப் பக்கம் என்று ஒரு பிடி மணலை எறிந்து பார்த்தேன். கடல் பக்கமாக இருக்க வேண்டும். வளைவாக இருக்க வேண்டும், ஆனால் வளைவின் உட்பக்கம், ஏனென்றால் வண்டி சறுக்கினால் வெளிப்பக்கம்தான் பாயும். கொஞ்சம் உயரமாக இருந்தால் யாருடைய முதுகும் மறைக்காது. அப்படி ஒரு மேடு கிடைத்தது. கீழே பாதையில் மணல் மாவு மாதிரி, கால் புதைந்தது. இங்கே எவனாக இருந்தாலும் மெதுவாகத்தான் வருவான் என்று சந்தோசப்பட்டேன். என் மனுசன் இருந்திருந்தால், "பரவாயில்ல, நீயும் இடம் பிடிக்கப் பழகிட்டாய்" என்று சொல்லியிருப்பார். அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

அந்த மேட்டில் எனக்கு அயல் ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் மட்டும்தான். தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்கள். அவர்களும் யாரோடு வந்தாய் என்றுதான் கேட்டார்கள். இந்த நாட்டில் கூடாரம் அடிக்கிற இடத்தில் முதல் கேள்வி அதுதான் போலிருக்கிறது. பின்னேரம் எங்கு பார்த்தாலும் சிரிப்பும் பாட்டும். நான் கூடாரத்துக்குள் போய், ஜிப்பை இழுத்து மூடி, செபமாலை சொன்னேன். வீட்டில் ஒருவர் முன்பாதி சொல்ல மற்றவர்கள் பின்பாதி சொல்வோம், தனியாகச் சொன்னால் முன்பாதியும் நாமே, பின்பாதியும் நாமே. அந்த நேரத்தில்தான் அழுகை வந்தது.

மறுநாள் அவன் வந்தான். கண்ணால் கண்டேன்! தூசியும் இல்லை, முதுகும் இல்லை. ஹெல்மெட்டுக்குள் முகம் தெரியாவிட்டாலும் தோளைச் சரித்து உட்காருகிற விதம் தெரியாதா எனக்கு? ஒவ்வொரு சுற்றுக்கும் அவன் வருகிறபோது கிழவனுடைய யூட் வண்டிக்குப் பின்னால் போய்ப் பதுங்கினேன். கிழவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும்.

கடைசிச் சுற்று. மேட்டின் விளிம்புக்கு வந்து இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு நின்றேன். பகி வளைவுக்குள் திரும்பியது, மாவு மணலில் இறங்கியது, பின்சக்கரம் சுழன்றது, அப்படியே குந்திவிட்டது. எனக்கு நேர் கீழே.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படித்தான் முதலில் இருந்தது. இனி அவன் இறங்கத்தான் வேண்டும். இறங்கினால் என்னைக் காண்பான். பந்தயம் போனால் போகட்டும், மேலே வந்து நிழலில் இருந்து, புட்டும் மீன் குழம்பும் சாப்பிடுவான். ஒரு பின்னேரம் முழுக்க என் பிள்ளை என்னோடு இருப்பான். இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது.

அவன் இறங்கவில்லை. திரும்பத் திரும்ப முறுக்கினான், சக்கரம் தோண்டித் தோண்டிக் கீழே போனது. பிறகு இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் குத்தினான். தகப்பனை அடக்கம் செய்த அன்றைக்குக்கூட அவன் அப்படி உடைந்து நான் காணவில்லை. மாதாவே, வேண்டாம், எனக்கு அவன் இப்படி வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பாதைக் காவலன் மஞ்சள் கொடியைத் தூக்கிப் பின்னால் வருகிறவர்களுக்கு ஆட்டினான். கிழவன் மண்வெட்டியோடு இறங்கினான், எங்கிருந்தோ இன்னும் நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். நான் கூடாரத்துக்குள் விரித்திருந்த பாயை இழுத்துக்கொண்டு சறுக்கிச் சறுக்கி இறங்கி, அதைப் பின்சக்கரத்தின் கீழே திணித்தேன். "தள்ளுங்கோ! எல்லாரும் சேர்ந்து தள்ளுங்கோ!" என்று கத்தினேன். தமிழ் தெரியாத அத்தனை பேரும் தள்ளினார்கள், எஞ்சின் இரைச்சலில் அவனுக்கு மட்டும் கேட்கவில்லை. நான் பிடித்த குழாய் கொதித்தது. கையை எடுக்கவில்லை. அவனுடைய முதுகு எனக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தது. தொட்டிருக்கலாம். தொட்டால் திரும்புவான், திரும்பினால் நிறுத்துவான். தொடவில்லை, தோளைக் கொடுத்துத் தள்ளினேன்.

சக்கரம் பாயைப் பிடித்தது. பாய் கிழிந்து பறந்தது, வண்டி ஒரு துள்ளுத் துள்ளி வெளியே ஏறியது. அவன் திரும்பிப் பார்க்காமல் கையை வெளியே நீட்டிக் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போய்விட்டான். நான் மணலில் முகம் குப்புற விழுந்து கிடந்தேன். கிழவி வந்து தூக்கிவிட்டு, யார் அந்தப் பையன் என்று கேட்டாள். தெரிந்த பையன் என்றேன்.

திங்கட்கிழமை போன் எடுத்தான். அவனும் கூட்டாளியும் ஓடி முடித்துவிட்டார்களாம், இவ்வளவு வருடத்தில் வண்டி பழுதாகாமல் முடிவுக்கோட்டைத் தாண்டினது இதுதான் முதல் தடவையாம். குரலில் அப்படி ஒரு சந்தோசம். இரண்டு கேள்வியோடு வைக்கவில்லை, எல்லாம் சொன்னான். கடைசிச் சுற்றில் புதைந்துபோனதையும், யாரோ ஓடி வந்து தள்ளிவிட்டதையும் சொன்னான். யாருடைய குடும்பமோ தெரியாது அம்மா, தங்கள் ஆட்களைப் பார்க்க வந்தவர்கள் எங்களுக்காக இறங்கி வந்தார்கள், எங்களுக்கென்று அங்கே யார் இருக்கிறார்கள், ஒரு நன்றிகூடச் சொல்ல முடியவில்லை என்றான்.

வாய்வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த வருடம் ஒவ்வொரு வளைவிலும் தலையைத் திருப்பித் திருப்பி என்னைத் தேடுவான். அந்த வேகத்தில் தலையைத் திருப்புகிறவனுக்கு என்ன நடக்கும் என்று மூன்று வருடம் அந்தப் பாதை ஓரத்தில் நின்ற எனக்குத் தெரியாதா?

"நல்ல சனம் போல, ராசா" என்றேன்.

ஓம் என்றான். அதைத் தமிழில் சொன்னான். பிறகு, நீங்கள் சனி ஞாயிறு என்ன செய்தீர்கள் என்று கேட்டான்.

கொப்புளம் போட்ட கையிலிருந்து போனை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"ஒண்டுமில்ல, தம்பி. வீட்டிலதான் நிண்டனான்."