கண்ணாடிப் பெட்டியில் எங்கள் துவைகல்

மகள் வேலை பார்க்கும் கல்லூரியில், நிலவியல் துறையின் கண்ணாடிப் பெட்டியில் அந்தக் கல்லைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். சின்னத் தலையணை அளவு, நாலு விரல் கனம். மெருகேற்றிய முகம் முழுக்க வட்டத்துக்குள் வட்டம், வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கிப் பரப்பியதைப் போல. பாறைக்குழம்பு பூமிக்கடியில் ஆறும்போது ஒரு கருவைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகப் படலம் படலமாக உறைந்து உண்டாவதாம். உலகத்திலேயே சில இடங்களில்தான் கிடைக்குமாம். என் கண் வட்டங்களில் நிற்காமல் இடது ஓரத்துக்குப் போயிற்று. அரிசி அளவுக்கு, சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. இன்னும் அங்கேயே இருந்தது.

ஏழு வருஷத்துக்கு முன் அவள் அங்கே மாணவி. பேராசிரியர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கல்லை, ஆய்வேட்டுக்குப் படம் எடுக்க அவளை நம்பிக் கொடுத்திருந்தார். பாபநாசத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், வெயிலில் வைத்துப் படம் எடுத்துவிட்டு, வலங்கைமானில் தோழியின் கல்யாணத்துக்குக் கிளம்பினாள். "நாளைக்கு சார்கிட்ட திருப்பிக் குடுக்கணும்மா. கல்லை உள்ள எடுத்து வச்சுடு" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு ஓடும் அவசரத்தில் நான் மறந்துபோனேன்.

அன்றைக்குத்தான் கொத்தனார் குழாயடியில் துவைக்கிற மேடை கட்ட வந்தார். கல் வாங்கி வைக்கும்படி இரண்டு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்; நான்தான் வாங்கவில்லை. வாசலில் எதிர்ப்பட்ட அவரிடம், "எல்லாம் கொல்லையில இருக்கு" என்று நான் சொன்னது சிமெண்டையும் மணலையும். எங்கள் பக்கம் வண்டல் மண், எவ்வளவு தோண்டினாலும் கல் அகப்படாது. கொல்லையில் கல் கிடந்தால் அது வேலைக்கென்று வாங்கி வந்த கல். அவர் வேறெப்படி நினைப்பார்?

நாலரைக்குத் திரும்பியபோது, மேடை நடுவில், வட்டங்கள் வானத்தைப் பார்க்க, கல் பதிந்திருந்தது. கைப்பையோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொத்தனாரிடம் விஷயத்தைச் சொல்லி, பெண்ணின் படிப்பே போய்விடும் என்றேன். அவருக்கோ தான் பதித்ததைத் தானே பெயர்ப்பதில்தான் மனத்தாங்கல். "நான் வச்ச கல்லு ஒண்ணுகூட இதுவரைக்கும் ஆடினதில்ல டீச்சர்" என்றார். குழாயைத் திறந்துவிட்டார். "இவ்ளோ தூரம் வந்திருக்கு. ஒரு துண்டையாவது துவைச்சுப் பாத்துடறேங்க."

வேண்டாம் என்று கையை ஆட்டினேன்; அவர் பார்க்கவில்லை. தோள் துண்டை நனைத்து, சோப்புப் போட்டு, நிதானமாக நாலு அடி அடித்தார். துண்டைப் பிழிந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வழவழன்னு இருக்குங்க. அழுக்கு போவாது. திருப்பியே குடுத்துடுங்க" என்றார், ஏதோ கடைக்காரன் என்னை ஏமாற்றிவிட்ட மாதிரி. அப்புறம்தான் கடப்பாறையை எடுத்தார். நல்லவேளை, கலவை இன்னும் இறுகவில்லை. முனையில் சாக்கைச் சுற்றி, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதைப் போல எடுத்துக் கொடுத்தார். இருவரும் தேங்காய் நாரால் தேய்த்தோம். அந்த ஒரு பொட்டு சிமெண்ட் மட்டும் போகவில்லை.

இருட்டுவதற்குள் மகள் வந்து, நடுவில் பள்ளம் விழுந்த புது மேடைக்குப் பக்கத்தில் கால் கழுவிவிட்டு உள்ளே போனாள். கல் அவள் மேஜைமேல் இருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. போனில் அவள் "அம்மா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் அந்தக் கல்தான் ஞாபகம் வரும்.

போன வாரம் அவள் மாணவர்களுக்கு அந்த வட்டங்களை விளக்கி அனுப்பிவிட்டு, பெட்டிக்கு முன்னால் என் பக்கத்தில் வந்து நின்றாள். பொட்டு தெரியாதபடி நான் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டேன். அவள் என் கையை மெல்ல எடுத்தாள்.

"கொத்தனார் நல்லா இருக்காராம்மா?" என்றாள்.