அக்காவை ஏற்றிவரப் போன வான்

நல்ல நாள் யாருக்காகவும் காத்திருக்காது என்பது என் மனைவியின் கட்சி. ஆகவே ஸ்காபரோவில் எங்கள் கட்டடத்திலேயே, எங்களுக்கு இரண்டு மாடி கீழே, தன் அக்காவுக்கென்று ஓர் அப்பார்ட்மென்ட் பிடித்து, பஞ்சாங்கம் பார்த்து, ஒரு வியாழக்கிழமை காலையில் போய்ப் பாலும் காய்ச்சிவிட்டாள். பால் அழகாகப் பொங்கி வழிந்தது. சாமிப்படத்துக்குப் பூ வைத்தோம். எல்லாம் முறைப்படி நடந்தன. குறை ஒன்றே ஒன்றுதான். குடிவர வேண்டிய அக்கா அமெரிக்காவில் இருந்தார். வருகிறேன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

“கேட்டால் யோசிப்பா. வானோடை போய் நிண்டால் ஏறிடுவா,” என்றாள் மனைவி.

எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல. மற்றவருக்கு எது நல்லது என்பதை நாங்களே கூடிப் பேசி முடிவெடுப்போம். உரியவருக்குக் கடைசியில் அறிவிப்போம். நானும் அதே குட்டையில் ஊறிய மட்டைதான். சாமான் ஏற்றும் பெரிய வானாகப் பார்த்து வாடகைக்கு எடுத்தேன்.

அக்கா ஓகையோ ஆற்றங்கரையில் ஒரு சின்னப் பழைய பட்டணத்தில் இருந்தார். அவருடைய கணவர் அங்கே கல்லூரியில் கணிதம் படிப்பித்தவர். முந்தின வருடம் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. ஊரில் தமிழ் பேச ஒரு குருவிகூட இல்லை. என் மனைவிக்குக் கூடப்பிறந்தவர் அந்த அக்கா ஒருவர்தான். நாங்கள் கனடாவுக்கு அகதிகளாக வந்தவர்கள். கையில் கடவுச்சீட்டு இல்லாமல் எல்லையைத் தாண்ட முடியாது. அக்காவும், கணவரின் இருதய வருத்தத்தால், அவரை விட்டு அசைந்ததில்லை. அதனால் இத்தனை வருடமும் இருவரும் தொலைபேசியில்தான் அக்காவும் தங்கையுமாக இருந்தார்கள். செத்த வீட்டுக்குக்கூடப் போக முடியவில்லை. அன்று முழுவதும் மனைவி தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை.

அந்த வசந்தத்தில் கனடியக் கடவுச்சீட்டு வந்தது. கோடையில் புறப்பட்டோம். வானில் ஓர் இடியப்பப் பெட்டி, சம்பல், மிளகாய்த்தூள். மிச்சம் முழுக்க வெறுமை. எல்லைப் பாலத்தில் அமெரிக்க அதிகாரி பின்கதவைத் திறந்து பார்த்தார்.

“இவ்வளவு பெரிய வான் எதற்கு?”

“காற்றோட்டமாக இருக்கும்,” என்றேன். மனைவி என் தொடையில் கிள்ளினாள். அதிகாரி மிளகாய்த்தூள் பையை மணந்து பார்த்தார். தும்மினார். போகச் சொன்னார்.

அந்த ஊர்மேல் எனக்கு நல்ல எண்ணம் இல்லை. தமிழ்க்கடை இல்லாத ஊரை ஊர் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை. போதாததற்குத் தெருக்கள் எல்லாம் பழைய செங்கல் பதித்தவை. வான் கடகடவென்று ஆடி, எங்கள் வரவை ஊர் முழுக்க அறிவித்தது. ஆற்றங்கரையில், பின்னால் பெரிய மரச்சக்கரம் சுற்றும் படகுகள் கட்டப்பட்டிருந்தன. ஒரு கட்டடச் சுவரில் ஒவ்வொரு வெள்ளமும் ஏறிய உயரத்தைக் கோடு கீறி, பக்கத்தில் வருடமும் எழுதியிருந்தார்கள். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் வளர வளரச் சுவரில் கோடு போடுவோமே, அப்படி.

வாசலில் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றதில் நான் ஒருவன் வந்திருப்பதே மறந்துபோயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா முதலில் கேட்ட கேள்வி:

“உந்தப் பெரிய வான் எதுக்கு?”

“வாடகைக்கு உதுதான் கிடைச்சுதக்கா,” என்றேன். விடிந்ததும் பக்குவமாகக் கேட்பதாக மனைவி சொல்லியிருந்தாள்.

விடிந்ததும் அக்கா எங்களை ஊர் பார்க்கக் கூட்டிப்போனார். பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் நாலு அடி வைக்க விடவில்லை. ரொட்டிக்கடைக்காரர் வெளியே வந்து அக்காவின் முழங்கால் வலியை விசாரித்தார். நாயோடு போன ஓர் அம்மா எங்களை நிறுத்தி, நாங்கள்தான் ரொறன்ரோத் தங்கையும் கணவருமா என்று கேட்டார். எங்கள் கட்டடத்தில் லிஃப்டில் தினமும் ஏறுகிறவர்களுக்கே என் பெயர் தெரியாது. எனக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது. மயானத்தின் நடுவே புல் மூடிய ஒரு பெரிய மண்மேடு. வெள்ளைக்காரர் வருவதற்கு எவ்வளவோ காலம் முன்பு அந்த மண்ணின் சொந்தக்காரர் எழுப்பியதாம். அக்கா அதைச் சொன்ன விதத்தில், தானும் நாலு கூடை மண் சுமந்தவர் போல ஒரு பெருமை.

கடைசியாக, இரண்டு ஆறுகள் சேரும் முனைக்கு வந்தோம். அங்கே ஆற்றைப் பார்த்தபடி போட்டிருந்த மர வாங்கில் அக்கா உட்கார்ந்தார்.

“உங்கடை அத்தாரின்ரை சாம்பலை இதிலைதான் கரைச்சனான். ரண்டு ஆறு சேருற இடமெல்லோ. ஐயர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் தன்ரை போட்டிலை கூட்டிக்கொண்டு போனவர். நான் தேவாரம் பாடி முடியுமட்டும் தொப்பியைக் கழட்டிக் கையிலை வைச்சிருந்தவர்.”

மனைவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பிறகு மாசியிலை வெள்ளம் வந்து, சமைக்கிற குசினிக்குள்ளை முழங்கால் மட்டும் நிண்டுது. எல்லாரும் பாவம் எண்டு சொல்லிச்சினம். நான் நினைச்சன், அவர்தான் வீட்டை ஒருக்காப் பாக்க வந்திட்டார் எண்டு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தெருவே கூடிச் சேற்றை அள்ளிக் கழுவியதாம். வீடு காய்ந்ததும் அக்கா அவர்களைக் கூப்பிட்டுப் புதிதாகப் பால் காய்ச்சியிருக்கிறார். பால் பொங்கியதும் பக்கத்து வீட்டுக்காரர் பதறி ஓடி அடுப்பை அணைத்துவிட்டார். அக்கா விளக்கம் சொல்லித் திரும்பக் காய்ச்ச, அடுப்பெல்லாம் வழிய வழிய அவர்கள் கைதட்டினார்களாம்.

பால் என்றதும் மனைவியின் முகம் மாறியது. இனி ஒளிக்க முடியாது.

“அக்கா, நானும் காய்ச்சினனான். உங்களுக்கு.” அப்பார்ட்மென்ட், வியாழக்கிழமை, வான், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

“வராத ஆளுக்கோடி பால் காய்ச்சினனீ?”

“வருவியள் எண்டுதான்.”

“பாலை என்ன செய்தனீங்கள்?”

“தேத்தண்ணி போட்டுக் குடிச்சம்,” என்றேன் நான். இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

“நான் வரேல்லையடி,” என்றார் அக்கா. “இது என்ரை வீடு.”

“அப்ப எனக்கு ஆர் இருக்கினம்?” மனைவி வாய்விட்டு அழுதாள். கட்டிய புருஷன் பக்கத்தில் மரம் மாதிரி நிற்கிறேன். என்னைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. அக்கா தனியாகத் தவிக்கிறார் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தோம். தவித்துக்கொண்டிருந்தது யார் என்று அந்த வாங்கின் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. அக்கா தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். ஒரு படகு சக்கரம் சுற்றப் போய், திரும்பியும் வந்தது.

திரும்பும் வழியெல்லாம் வெறும் இடியப்பப் பெட்டி பின்னால் உருண்டுகொண்டே வந்தது. அப்பார்ட்மென்டை என்ன செய்வது என்று கேட்டேன். மனைவி வானொலியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். பாலத்தில், கனடாப் பக்கத்து அதிகாரி ஓர் இளம்பெண். பின்கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார்.

“இவ்வளவு பெரிய வானை எடுத்துக்கொண்டு போய், ஒன்றுமே வாங்காமலா வருகிறீர்கள்?”

நான் புதிதாக ஒரு பொய் தேடிக்கொண்டிருந்தேன். ஆங்கிலம் பேசுவதை எப்போதும் எனக்கே விட்டுவிடும் மனைவி, என்னைத் தாண்டிக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

“என் அக்காவை வீட்டுக்குக் கூட்டிவரப் போனோம். அவர் தன் வீட்டில் இருக்கிறார்.”

அதிகாரி கடவுச்சீட்டுகளை என்னிடம் தராமல், சுற்றிப் போய் அவள் கையில் கொடுத்தார்.

பாலம் தாண்டிக் கொஞ்சத் தூரம் வந்தபிறகு மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டு சொன்னாள்:

“அடுத்த முறை எங்கடை காரிலையே போவம்.”