மூன்றாவது ஓட்டம்

காலை ஏழு மணி நாற்பது நிமிடம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நேரம் குறிக்கும் வேலையை மகள் என்னிடம் கொடுத்திருந்ததால் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றேன். அந்த நிமிடத்தில் ஒரு பொய் சொன்னேன். அது பொய்தான் என்று ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷங்கள் ஆயின.

மகள் அப்போது மெக்கானிக்கல் என்ஜினீயரிங் கடைசி வருஷம். அவளுடைய ஆசிரியர் வெளிநாட்டிலிருந்து ஒரு கருவி கொண்டுவந்திருந்தார். சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. அதைக் காரின் முன்கண்ணாடியில் ஒட்டவைத்து, சிகரெட் பற்றவைக்கும் துளையில் ஒயரைச் செருக வேண்டும். சக்கரத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. கார் பாயும்போது நம் முதுகு இருக்கையில் அழுந்துகிறதே, அந்த உந்துதலை அது உணர்ந்து வேகத்தைக் கணக்கிடும். காரின் எடையைச் சொல்லிவிட்டால் குதிரைத்திறனையும் சொல்லும். எங்கள் பழைய காரை வைத்து அதைச் சோதித்து எழுதுவதுதான் அவளுடைய ப்ராஜெக்ட்.

லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகாதவள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன் என்ற நிபந்தனையில்தான் சாவியைக் கொடுத்தேன்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காளவாசலில் டீக்கடைகள் திறக்கும் நேரத்தில் கிளம்பி, உசிலம்பட்டி சாலையில் லாரிகளுக்கு எடை போடும் இடத்தில் நிறுத்தினோம். எடை போடுகிறவர் காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னண்ணே, பழைய இரும்புக்குப் போடப் போறீகளா?"

"ஓட்டத்தான் போறோம்" என்றாள் மகள். "அப்பா, நீங்க இறங்குங்க. நான் மட்டும் உக்காந்து எடை எடுக்கணும்."

"ரெண்டு பேரும்தானே போறோம்?"

"நீங்க ஏறுனா எடை கூடிரும்ப்பா. கூடுதல் எடையை இழுத்தா வண்டி மெதுவாத்தான் கிளம்பும். நீங்க ரோட்டுல நின்னு ஆளுக யாரும் குறுக்க வராமப் பாத்துக்கங்க."

"அண்ணனை இறக்குனா வண்டி பறக்கும்த்தா" என்று சிரித்தார் அவர். நான் சிரிக்கவில்லை.

அவள் தேர்ந்தெடுத்திருந்தது பிரதான சாலையிலிருந்து பிரியும் ஒரு கிளைச் சாலை. ஒரு மைல் நேராக, ஏற்ற இறக்கம் இல்லாமல் கிடந்தது. மேற்குக் கோடியில் என்னை இறக்கிவிட்டு விரலை விரித்துக் காட்டினாள். கிழக்கிலிருந்து என்னை நோக்கி ஒன்று; இங்கிருந்து அங்கே ஒன்று; மறுபடி என்னை நோக்கி ஒன்று. கண்ணுக்குத் தெரியாத சரிவு இருந்தாலும் கருவி ஏமாந்துவிடும், அதனால் இரண்டு பக்கமும் ஓட வேண்டும். மூன்றாவது, சரிபார்க்க. தெளிவாகத்தான் சொன்னாள். தலையையும் ஆட்டினேன்.

எனக்குச் சற்று முன்னால், சாலையோரத்தில், ஒரு கணவனும் மனைவியும் அறுத்த கொள்ளுச் செடிகளைக் குவித்து வைத்து, கார் ஓடி முடியட்டும் என்று நான் சொன்னதால் காத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தில் களம் தேடி அலையமாட்டார்கள். தார்ச் சாலையிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் ஏறி மணி உதிர்ந்துவிடும்.

முதல் ஓட்டம். கார் என்னைக் கடந்தபோது அந்தக் காற்றில் வேட்டி காலோடு ஒட்டிக்கொண்டது. நேரத்தைக் குறித்தேன்.

"ஏன் சார், பந்தயமா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா, பிள்ளை படிப்புக்கு."

"படிப்புக்கா இம்புட்டு வேகம்! எங்க வீட்டுல ஒண்ணு, எழுப்பிவிட்டாலே எந்திரிக்க மாட்டேங்குது."

இரண்டாவது ஓட்டம். கார் சிறுத்துச் சிறுத்துக் கிழக்குக் கோடியில் புள்ளியாக நின்றது. திரும்புவது தெரிந்தது. இன்னொரு தடவை அந்தச் சத்தத்தைக் கேட்க என்னால் முடியாது என்று தோன்றியது.

"முடிஞ்சுச்சா சார்? வெயிலு ஏறிருச்சு, கொள்ளப் போடணும்."

"முடிஞ்சதும்மா. போடுங்க."

மறதியில் சொல்லவில்லை. செடி கிடப்பதைத் தூரத்திலேயே பார்த்து அவள் மூன்றாவது ஓட்டத்தைக் கைவிட்டு மெதுவாக வந்துவிடுவாள் என்று நினைத்துத்தான் சொன்னேன். சொன்னதும் நெஞ்சு லேசானது.

இருவரும் மளமளவென்று பரப்பினார்கள். கார் கிளம்பிய சத்தம் வந்தது. நான் தோள் துண்டை உயர்த்தி ஆட்டினேன். நேரம் குறிக்க நான் தயார் என்று அவள் அதை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்; வேகம் குறையவில்லை. அந்தப் பெண் சாலையின் நடுவே குனிந்து ஒரு செடிக்கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்தியது அவளுக்கு எட்டியதா, தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மகள் நேராகச் செடி மேலேயே வந்திருந்தால் காருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் பெண்ணைப் பார்த்து பிரேக்கை மிதித்து வண்டியை ஒடித்தாள். காய்ந்த செடியில் சக்கரம் பிடிக்கவில்லை. கார் பக்கவாட்டில் வழுக்கி, அந்தப் பெண்ணுக்கு இரண்டு கை விரித்த தூரம் தள்ளிப் போய்ப் பள்ளத்தில் புளியமரத்தோடு மோதி நின்றது.

மகளுக்கு வலது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. அந்தக் கணவன்தான் கதவை நெம்பி அவளைத் தூக்கினான். காய்கறி ஏற்றிவந்த வேனில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அவள் கேட்டது ஒன்றைத்தான். "அந்த அம்மா மேல படலேல்லப்பா? ஏன்ப்பா திடீர்னு ரோட்டுல போட்டாங்க?" நான் அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். பிறகு என் மனைவி கேட்டபோதும், போலீஸ்காரர் கேட்டபோதும், "திடீரென்று போட்டுவிட்டார்கள்" என்றே சொன்னேன்.

மறுநாள் மதியம் அறுவை சிகிச்சை முடிந்து மகள் மயக்கத்தில் இருந்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, அறைக் கதவின் கண்ணாடி வழியாக மகளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஸ்டேசனுல எங்க வீட்டுக்காரரக் கூப்பிட்டு விசாரிச்சாக சார். நீங்க சொல்லித்தான் போட்டோம்னு நாங்க சொல்லல. அந்தப் பிள்ளைக்கு அது தெரிய வேணாம்."